வடக்கில் ஏமாந்தோர்: பூச்சியம்

கரவெட்டித் தியாகலிங்கத்தின் இறைப்பு மிசின் நின்றுபோனது, வெங்காயம் நட்டு முப்பத்திரண்டாம் நாள். மிசினுக்கு வயது பத்தொன்பது. திருத்துகிறவர் வந்தார், கழற்றினார், உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு போய்க் கையைக் கழுவினார். அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

முப்பத்திரண்டு நாள் வெங்காயம் தண்ணீருக்குப் பொறுத்திருக்கிற பயிர் அல்ல. நெல்லியடிக் கடையில் புது மிசினின் விலையைக் கேட்டுவிட்டு தியாகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஏறி ஓட மனம் வரவில்லை. அன்று மத்தியானம் முகநூலைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. இரண்டு அங்குல இறைப்பு மிசின். வடபகுதி விவசாயிகளுக்கு மட்டும் எழுபது வீத விலைக்கழிவு. படத்தில் சிவப்பு மிசின் ஒன்று ஒரு குளத்தையே தூக்கி வானத்துக்கு எறிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு மணிக்கூடு பின்பக்கமாக ஓடியது. பதினொரு நிமிடம் மிச்சம். மிசின் இரண்டே இரண்டு மிச்சம்.

மனைவி கனகாம்பிகை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு சொல் கேட்கலாம் என்று தியாகலிங்கம் நினைத்தார். ஆனால் தோய்த்து முடிய எப்படியும் அரை மணித்தியாலம் ஆகும். மணிக்கூட்டில் பதினொரு நிமிடம்தான் இருந்தது. பெயரையும் விலாசத்தையும் அனுப்பிவிட்டார். முன்பணம் கேட்கவில்லை, பொருள் கைக்கு வந்தபிறகு காசு கொடுத்தால் போதும் என்று இருந்தது. அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலை கூரியர்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மடியில் ஒரு பெட்டி. சவர்க்காரக் கட்டிகள் நாலு வைக்கலாம்.

"உடைச்சுப் பாக்கலாமோ, தம்பி?"

"காசைத் தந்திட்டுத்தான் உடைக்கலாம், ஐயா. கொம்பனிச் சட்டம்."

தியாகலிங்கம் பதினெட்டாயிரத்துத் தொளாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒழுங்கை முகப்புக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் இருப்பது மிசினை இயக்குகிற விளக்கப் புத்தகம், மிசின் பின்னால் லொறியில் வருகிறது என்பது அவருடைய எண்ணம். அதற்குள் கனகாம்பிகை பெட்டியை உடைத்துவிட்டார். உள்ளே, மீன்தொட்டிக்குள் வைக்கிற மோட்டர் ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கியது.

"இஞ்சேருங்கோ, உது கிணத்துக்கோ, செம்புக்கோ?"

"அது வேறை ஏதோ. லொறி வரும்."

"லொறி வராது. உதுதான் வந்த லொறி."

கனகாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியை வாங்கிப் பத்து நிமிடம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் துவங்கி மூண்டு கிழமைதான் ஆகுது. மிசினுக்கு முந்தி இதிலை சாறி வித்திருக்கினம். அதுக்கு முந்தி கால் நோவுக்கு எண்ணெய். கீழை நாப்பது பேர் 'நல்ல பொருள், நம்பிக்கையான சேவை' எண்டு எழுதியிருக்கினம். நாப்பது பேருக்கும் முகத்துக்குப் பதிலாய்ச் செவ்வரத்தம்பூ. உந்த மணிக்கூட்டைப் பாருங்கோ. அண்டைக்கு எத்தினை நிமிசம் எண்டனீங்கள்?"

"பதினொண்டு."

"இப்பவும் பதினொண்டுதான்."

தியாகலிங்கம் விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தார். ஒரு பெண்பிள்ளை தேன் போலக் கதைத்தாள். பின்னால் ஒரு சேவல் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. "கவலைப்படாதையுங்கோ சேர், அது நல்ல மோட்டர் சேர், உங்களிட்டை மீன் இல்லையோ சேர்?" என்று கேட்டாள். மீன் இல்லை என்று இவர் சொன்னதும், "மீன் வளர்த்துப் பாருங்கோ சேர், மனசுக்கு நல்லது" என்றாள். அதற்குப் பிறகு அந்த இலக்கம் இவருக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

இவர் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கனகாம்பிகை பெட்டியையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு நெல்லியடியில் இருந்த கூரியர் கந்தோருக்குப் போய்விட்டார். அங்கே பொறுப்பாக இருந்தவர் ஜெரிசன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அக்கா, நாங்கள் வாங்கிற காசை ஏழு நாள் வைச்சிருந்துதான் அனுப்பினவைக்குப் போடுறது. அதுக்குள்ளை ஏமாற்றுத் தடுப்பு அதிகாரசபையிலை முறைப்பாடு பதிஞ்சு, இலக்கத்தைக் கொண்டாங்கோ. மறிச்சு உங்களிட்டைத் திருப்பித் தாறன். வாற புதன் பின்னேரம் நாலு மணிக்குள்ளை. இலக்கம் இல்லாட்டில் கொம்பியூட்டர் விடாது."

இப்படித்தான் தியாகலிங்கம் இணையவழி ஏமாற்றுத் தடுப்பு அதிகாரசபையின் வடபிராந்திய அலுவலகத்துக்குப் போக நேர்ந்தது.

அதிகாரசபை ஒரு மேல்மாடியில் இருந்தது. உதவிப் பணிப்பாளருக்குக் கீழே பதினொரு பேர் வேலை செய்தார்கள். வியாழன் காலை போனவரை முகாமைத்துவ உதவியாளர் உதயகலா பத்தரைக்குக் கூப்பிட்டார்.

"என்ன பொருள் கேட்டனீங்கள், அண்ணை?"

"தண்ணி இறைக்கிற மிசின், பிள்ளை."

"என்ன வந்தது?"

"மீன்தொட்டி மோட்டர்."

"அது தண்ணி இறைக்குமோ?"

தியாகலிங்கம் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இறைக்கும்," என்றார். "ஒரு சிரட்டைக்குள்ளை இருந்து மற்றச் சிரட்டைக்கு."

"அப்ப தண்ணி இறைக்கிற மிசின் கேட்டிருக்கிறீங்கள், தண்ணி இறைக்கிற மிசின் வந்திருக்கு. உது ஏமாற்று இல்லை. அளவு சம்பந்தமான அபிப்பிராய பேதம். அதுக்கு எங்களிட்டைப் படிவம் இல்லை."

"ஏமாற்றுக்குப் படிவம் இருக்கோ?"

உதயகலா மேசையைப் பார்த்தார். "அதுவும் இல்லை," என்றார் மெல்ல. "நீங்கள் உதவிப் பணிப்பாளரோடை கதையுங்கோ."

உதவிப் பணிப்பாளர் சுபாஸ்கரன் மலர்ந்த முகமுள்ள மனிதர். வந்தவரை எழும்பி நின்று வரவேற்று, தேத்தண்ணி சொல்லி, கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். அவருடைய தலைக்கு மேலே ஒரு பெரிய பலகை. "வடபிராந்தியத்தில் இவ்வருடம் ஏமாந்தோர்" என்று எழுதி, அதன் கீழே ஒரு பூச்சியம். பூச்சியத்தைச் சுற்றி மின்குமிழ் மாலை போட்டிருந்தார்கள். அது நின்று நின்று எரிந்தது.

தியாகலிங்கம் நடந்ததைச் சொன்னார். சுபாஸ்கரன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு வரலாறு சொல்லவேணும். மூண்டு வருசத்துக்கு முந்தி நான் இஞ்சை வரேக்கை, இந்தப் பிராந்தியத்திலை முந்நூற்றுப் பதினேழு பேர் ஏமாந்திருந்தவை. எனக்கு நித்திரை வரேல்லை. முதல் வேலையாய், நாலு பக்கமாய் இருந்த முறைப்பாட்டுப் படிவத்தைப் பதினெட்டுப் பக்கமாக்கினன். ஏமாந்தவை எண்பதாய்க் குறைஞ்சினம். அடுத்த வருசம், ரெண்டு அயலவையின்ரை சாட்சியும் கிராம சேவையாளரின்ரை கடிதமும் வேணும் எண்டு போட்டன். பன்ரண்டு. இந்த வருசம் படிவம் அச்சடிக்கவேயில்லை." அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. "விழிப்புணர்வு எண்டால் இதுதான்."

"அப்ப நான் ஏமாறேல்லையோ, சேர்?"

"ஏமாந்திருந்தால் பலகையிலை இருந்திருப்பீங்களே."

தியாகலிங்கத்துக்கு ஒரு கணம், தான் உண்மையிலேயே ஏமாறவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. பையிலிருந்த மோட்டரைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

"சேர், எனக்கு ஒரு இலக்கம் வேணும். புதன் நாலு மணிக்குள்ளை வேணும். வெங்காயம் வாடுது."

சுபாஸ்கரன் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். வெயிலில் கறுத்த முகம், தோய்த்து உலர்த்திய வெள்ளைச் சேட்டு, கையில் பை. உதவிப் பணிப்பாளரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"புதன்கிழமை எங்கடை விழிப்பு வாரத்தின்ரை நிறைவு விழா. கொழும்பிலையிருந்து மேலதிகப் பணிப்பாளர் நாயகம் வாறார். ஏமாறாத பொதுமகன் ஒராளுக்குச் சான்றிதழ் குடுக்கவேணும். ஆள் தேடிக்கொண்டிருக்கிறம். நீங்கள் அச்சாவாய்ப் பொருந்துவீங்கள்."

"சான்றிதழிலை இலக்கம் இருக்குமோ?"

"பின்னை? இலக்கமில்லாத சான்றிதழோ!"

இலக்கம் என்றால் இலக்கம்தானே என்று தியாகலிங்கம் நினைத்தார். சம்மதித்தார். பிறகுதான், சான்றிதழ் பெறுகிறவர் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பயிற்சிக்கு வரவேண்டும் என்று சொன்னார்கள்.

வீட்டில் கனகாம்பிகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "ஏமாந்ததுக்கு இலக்கம் கேட்டுப் போன உங்களுக்கு, ஏமாறேல்லை எண்டு இலக்கம் தருகினமோ?"

"எப்பிடியோ ஒரு இலக்கம் வருகுதுதானே."

கனகாம்பிகை எழும்பிச் செருப்பைப் போட்டார். பக்கத்துத் தோட்டத்து ஜெயதீபனிடம் போய், அவருடைய மிசினைக் காலையில் இரண்டு மணித்தியாலம் வாடகைக்குக் கேட்டு வாங்கினார். அந்தத் தண்ணீர் தோட்டத்தின் முன்பக்கத் துண்டுகளுக்கு, முன்தறைகளுக்குத்தான் காணும். பின்னால் இருந்த இரண்டு தறையிலும் வெங்காயத்தாள் நுனி மஞ்சளாகிக் கீழே சரியத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் தியாகலிங்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனார்.

சனிக்கிழமை முழுக்க விழிப்புணர்வின் வரைவிலக்கணம் நடந்தது. ஞாயிறு செய்முறைப் பயிற்சி. தியாகலிங்கம் ஏமாற்றுக்காரனாக நடிக்கவேண்டும், சுபாஸ்கரன் விழிப்புள்ள குடிமகனாக நடிப்பார். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பழைய தொலைபேசி கொடுத்தார்கள். பதினொரு உத்தியோகத்தர்களும் கொப்பியோடு சுற்றிவர இருந்தார்கள்.

தியாகலிங்கம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். ஏமாற்றுக்காரர் என்ன கதைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

"வணக்கம்," என்றார். "நான் வங்கியிலையிருந்து கதைக்கிறன்."

"வணக்கம்! சொல்லுங்கோ."

"உங்கடை இலக்கத்தைச் சொல்லுங்கோ, சேர்."

"எந்த இலக்கம்?"

தியாகலிங்கத்துக்கு அதுவும் தெரியவில்லை. "எதெண்டாலும் பரவாயில்லை," என்றார்.

சுபாஸ்கரன் சேட்டுப் பையிலிருந்து தன்னுடைய வங்கி அட்டையை எடுத்து, பதினாறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் வாசித்தார். பதினொரு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"சேர், அது உங்கடை உண்மையான அட்டையல்லோ?" என்றார் தியாகலிங்கம், நடிப்பை விட்டு.

"பயிற்சி எண்டால் உண்மையாய் இருக்கவேணும், அண்ணை. பொய் இலக்கம் சொன்னால் அதுவே ஒரு ஏமாற்று."

திங்கட்கிழமை பயிற்சி இடையில் நின்றது. விழாவுக்கு ஒலிபெருக்கித் தொகுதியும் நினைவுக் கேடயம் நூறும் வாங்க வேண்டியிருந்தது. நேரம் போதாததால் சுபாஸ்கரன் வகுப்பிலேயே கைபேசியை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கொள்வனவைச் செய்தார். அதுவும் ஒரு பாடமாக இருக்கட்டும் என்றார்.

"அரசாங்க நடைமுறைப்படி மூண்டு விலைமனு வேணும். முகநூலிலை மூண்டு கடையிட்டைக் கேட்டனான். மூண்டும் பத்து நிமிசத்துக்குள்ளை வந்திட்டுது. மூண்டும் ஒரே தொலைபேசி இலக்கம். வழங்குநர்களுக்கிடையிலை இப்பிடி ஒரு ஒருங்கிணைப்பை நான் இதுவரை காணேல்லை."

மணி அடித்தது. ஒரு பெண்குரல். "வணக்கம் சேர்! கவலைப்படாதையுங்கோ சேர், எழுபது வீதக் கழிவு சேர், ரெண்டு செற்தான் மிச்சம் சேர்." பின்னால் ஒரு சேவல் கூவியது.

தியாகலிங்கம் உட்கார்ந்திருந்த வாங்கில் இருந்து எழும்பிவிட்டார்.

"சேர், உது அந்தப் பிள்ளைதான்! எனக்கு மீன் வளர்க்கச் சொன்ன பிள்ளை! அந்தச் சேவலும் அதேதான்!"

சுபாஸ்கரன் கைபேசியைக் கையால் பொத்தினார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை.

"அண்ணை, நீங்கள் இந்தப் பிள்ளையைப் பற்றி முறைப்பாடு பதிஞ்சனீங்களோ?"

"பதிய விடேல்லையே, சேர்."

"அப்ப, பதியப்படாத ஒரு முறைப்பாட்டை வைச்சு ஒரு வழங்குநரைச் சந்தேகிக்க எனக்குச் சட்டத்திலை இடமில்லை. எங்கடை பதிவிலை இந்தப் பிள்ளைக்கு எதிராய் ஒரு முறைப்பாடும் இல்லை. ஒரு முறைப்பாடும் இல்லாத வழங்குநர் எத்தினை பேருக்குக் கிடைக்கும்?"

"ஒருக்கா உடைச்சுப் பாத்திட்டெண்டாலும் காசைக் குடுங்கோ, சேர்."

"அது கொம்பனிச் சட்டத்துக்கு மாறு," என்றார் சுபாஸ்கரன், கையை எடுத்துவிட்டு. "தங்கச்சி, புதன் காலமை கட்டாயம் வேணும்."

"கட்டாயம் சேர்."

கொக்கரக்கோ என்றது சேவல்.

புதன் காலை ஒன்பது மணிக்கு விழா தொடங்கியது. மங்கள விளக்கைப் பதினான்கு பேர் ஏற்றினார்கள். திரி போதாமல் கடைசி நாலு பேரும் முன்பே எரிந்துகொண்டிருந்ததையே மீண்டும் ஏற்றினார்கள். வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்தன. ஒலிபெருக்கி வராததால் ஒவ்வொருவரும் தொண்டை கிழியக் கத்திப் பேசினார்கள். "அடையாளம் தெரியாதவர்களை நம்பாதீர்கள்" என்று ஒருவர் கத்தியபோது, கூரியர்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சுபாஸ்கரன் மேடையில் இருந்து ஓடிப்போய்க் காசைக் கொடுத்து, இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. முன்வரிசையில் இருந்த தியாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பெட்டிக்குள் ஒலிபெருக்கித் தொகுதி இருந்தது. பிளாஸ்ரிக். இளஞ்சிவப்பு நிறம். மேலே ஒரு முயல். பொத்தானை அழுத்தியதும் முயலின் கண் எரிந்து, சீனமொழியில் ஒரு குழந்தைப் பாட்டுப் பாடியது. நிறுத்துகிற பொத்தான் இருக்கவில்லை. இரண்டாம் பெட்டிக்குள் நூறு கேடயங்களும் எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. திறப்புக் கோர்வையில், சாவிகளோடு தொங்கவிடுகிற அளவு.

மண்டபத்தில் முயல் மட்டும் பாடியது.

நிகழ்ச்சி நிரலின்படி அடுத்தது சான்றிதழ். தியாகலிங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேலதிகப் பணிப்பாளர் நாயகம் சான்றிதழைக் கொடுத்தார். பிறகு கேடயத்தைக் கொடுப்பதற்காகக் கண்ணாடியை மாட்டி, பெட்டிக்குள் துழாவி, நகத்தால் ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். வைத்ததா இல்லையா என்று குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் சுபாஸ்கரன் முன்னால் வந்தார்.

"பெரியோர்களே! இப்ப நீங்கள் பாத்தது தற்செயல் எண்டு நினைக்கக் கூடாது! ஒரு அதிகாரசபையே ஏமாந்தால் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குக் கண்கூடாய்க் காட்ட, நாங்கள் முன்கூட்டியே திட்டமிட்டு, மூண்டு விலைமனு கோரி, உரிய அனுமதி பெற்று, முறைப்படி ஏமாந்திருக்கிறம்!"

சனம் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கைதட்டியது. மேலதிகப் பணிப்பாளர் நாயகம் எழும்பி நின்று கைதட்டினார். இப்படியான நேரடிச் செயல்விளக்கத்தைத் தன்னுடைய இருபத்தாறு வருடச் சேவையில் கண்டதில்லை என்றும், மற்ற எட்டு மாகாணங்களிலும் இதேபோல ஏமாந்து காட்டும்படி பணிக்கப்போவதாகவும் சொன்னார்.

தியாகலிங்கம் சான்றிதழைப் பார்த்தார். மூலையில் இலக்கம் இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். சைக்கிளை மிதித்துக் கூரியர் கந்தோருக்குப் போனார். கனகாம்பிகை அங்கே முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தார். ஜெரிசன் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதிலை நீங்கள் ஏமாறேல்லை எண்டெல்லோ போட்டிருக்கு. இதை நான் பதிஞ்சால், காசை அவைக்கு உடனை போடச்சொல்லிக் கொம்பியூட்டர் கேக்கும்."

கனகாம்பிகையின் முகத்தைப் பார்த்ததும் தியாகலிங்கத்துக்குப் பின்தறை இரண்டும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு கிழமையாகப் பார்க்காமல் விட்டது முழுக்க ஒரேயடியாகக் கண்முன் வந்தது. சான்றிதழைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"வாரும்," என்றார் மனைவியிடம். "இனி நான் இலக்கம் இல்லாமல் அந்த மேல்மாடியாலை இறங்க மாட்டன்."

அதிகாரசபையில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுப் பொதி பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுபாஸ்கரன் மட்டும் சாப்பிடவில்லை. தன்னுடைய அறையில் முயலை ஒரு துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார். அது துவாய்க்குள்ளே பாடிக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"அண்ணை, நல்ல நேரத்துக்கு வந்தீங்கள். ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம். கணக்காய்வுக்காரர் வந்தால் என்னைக் கேப்பினம். கூரியரிட்டைக் காசை மறிக்கலாமாம், ஆனால் எங்கடை முறைப்பாட்டு இலக்கம் வேணுமாம். அதிகாரசபை தன்னிட்டைத் தானே முறைப்பாடு செய்ய ஏலாது. ஏமாற்றைத் தடுக்கிற அதிகாரசபை ஏமாந்தது எண்டு எழுதினால் அதிகாரசபையே இல்லாமல் போயிடும். அதாலை ஒரு தனிமனிதர் தேவை."

"ஏமாந்த தனிமனிதரோ?" என்று கேட்டார் கனகாம்பிகை.

"ஓம், அக்கா."

"இவர் ஏமாறேல்லை எண்டு காலமைதானே சான்றிதழ் குடுத்தனீங்கள்."

"அது காலமை."

தியாகலிங்கம் கதிரையை இழுத்து இருந்தார். யாரும் சொல்லாமல் அவர் தானாகக் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை. "கையெழுத்து வைக்கிறன், சேர். ஆனால் என்ரை மிசினை முதல் வரியிலை எழுதவேணும்."

படிவம் இருக்கவில்லை. உதயகலா பழைய படிவம் ஒன்றை எங்கோ ஒளித்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வந்து, சொல்லச் சொல்ல எழுதினார். ஏமாந்தவர்: தியாகலிங்கம், விவசாயி. ஏமாந்த பொருட்கள்: ஒன்று, இறைப்பு மிசின். இரண்டு, ஒலிபெருக்கித் தொகுதி. மூன்று, நினைவுக் கேடயம் நூறு. கீழே கையெழுத்து. பிறகு உதயகலா பேனையை உயர்த்தினார்.

"இலக்கம் என்ன போட, சேர்? இந்த வருசத்திலை முதலாவது. ஒண்டு எண்டு போடவோ?"

சுபாஸ்கரன் திரும்பிப் பலகையைப் பார்த்தார். மின்குமிழ் மாலை நின்று நின்று எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"பூச்சியம் எண்டு போடும்," என்றார்.

"பூச்சியமோ?"

"பூச்சியமும் ஒரு இலக்கம்தான். முறைப்பாடும் பதிஞ்சது, பலகையும் மாறாது."

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கூரியர் கந்தோரில் ஜெரிசன் படிவத்தை வாங்கினார். "வெங்காயம் செய்யிற ஆளுக்கு நூறு கேடயம் என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டுக்கொண்டே கொம்பியூட்டரில் இலக்கத்தைத் தட்டினார். தட்டிவிட்டுக் கையை எடுத்தார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நெடுநேரம் யோசித்தது. பிறகு பச்சையாகியது.

"எடுத்திட்டுது," என்றார் ஜெரிசன், தன்னாலேயே நம்ப முடியாமல்.

கனகாம்பிகை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை காசு வந்தது. அன்றே இரண்டு பேரும் நெல்லியடிக்குப் போய், பாவித்த மிசின் ஒன்றைப் பார்த்தார்கள். கடைக்காரர் நல்ல மிசின் என்று சத்தியம் பண்ணினார். கனகாம்பிகை சத்தியத்தை வாங்காமல் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கேட்டு, குழாயை அதற்குள் விடச்சொல்லி, மிசின் கால் மணித்தியாலம் ஓடுவதைப் பார்த்து, கடைக்காரரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சீட்டில் எழுதி வாங்கிய பிறகுதான் மடியை அவிழ்த்தார். பின்தறை இரண்டில் ஒன்று தப்பியது. மற்றதைக் கொத்திவிட்டார்கள்.

ஆனால் முறைப்பாடு தியாகலிங்கத்தின் பெயரில் இருந்தபடியால், கூரியர்க் கொம்பனி அதிகாரசபையின் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்தையும் அவருடைய கையிலேயே கொடுத்திருந்தது. திங்கட்கிழமை அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனார்.

சுபாஸ்கரன் உறையைத் தொடவில்லை.

"அண்ணை, இதை நான் என்னெண்டு வாங்கிறது? நாங்கள் ஏமாறேல்லை. இழக்காத காசு எப்பிடித் திரும்பி வரும்? வரவு எழுத ஒரு நிரல் இல்லை. ஒரு தனிமனிதரிட்டை அதிகாரி காசு வாங்கினால் அதுக்கு வேறை பேர்."

"அப்ப கணக்காய்வுக்காரருக்கு என்ன சொல்லுவீங்கள், சேர்?"

"அது செயல்விளக்கச் செலவெண்டு கொழும்பே அனுமதிச்சிட்டுது. வாற வருசம் இதுக்கு ரெண்டு மடங்கு ஒதுக்கீடு."

"எனக்கு இந்தக் காசு வேண்டாம், சேர்."

"எங்களுக்கும் வேண்டாம், அண்ணை."

தியாகலிங்கம் உறையோடு வெளியே வந்து, வரவேற்பறையில் ஆட்கள் உட்காருகிற நீள வாங்கில் இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது. உதயகலா தன்னுடைய மேசையில் இருந்து, தலையை நிமிர்த்தாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணை, வாங்கிலை வைச்சிட்டுப் போங்கோ. கண்டெடுத்த பொருளெண்டு நான் பதியிறன். அதுக்குப் படிவம் இருக்கு."

தியாகலிங்கம் உறையை வாங்கில் வைத்தார். சரிந்து விழாதபடி நடுவுக்குத் தள்ளி வைத்தார். படியிறங்கிச் சைக்கிளை எடுத்தபோது, யாரோ உறையை மறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று மேலே சுபாஸ்கரன் சத்தம் போடுவது கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெங்காயம் கிண்டிப் பிடி கட்டிக்கொண்டிருந்த நாட்களில் தபாலில் ஒரு மினுமினுப்பான புத்தகம் வந்தது. அதிகாரசபையின் ஆண்டறிக்கை. தியாகலிங்கம் கை முழுக்க மண்ணாக இருந்ததால் கனகாம்பிகை வரம்பில் குந்தியிருந்து வாசித்தார்.

"'அதிகாரசபையின் நேர்மையில் பொதுமக்களுக்கு ஏற்பட்டுள்ள நம்பிக்கை எத்தகையதெனில், இவ்வாண்டு அவர்கள் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாவை எமது வாங்கிலேயே அச்சமின்றி விட்டுச் சென்றுள்ளனர்.'" இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். "இதிலை உங்கடை பேர் ஒரு இடத்திலையும் காணேல்லையே?"

தியாகலிங்கம் ஒரு பிடியை இறுக்கிக் கட்டி, மண்ணை உதறி, குவியலில் வைத்தார்.

"ஏன், கிடக்குதே," என்றார். "பொதுமக்கள் எண்டு போட்டிருக்கிறது நான்தான்."